இஞ்சாருங்கோ என்று கூப்பிட்ட மாலை

பேய்க்கதை சொல்கிறவர்கள் எல்லோரும் "நான் இதெல்லாம் நம்புகிற ஆள் இல்லை" என்றுதான் தொடங்குவார்கள். அப்படித் தொடங்கியவர்களைப் பார்த்து நானே எத்தனையோ தரம் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன், ஆகவே நான் எந்த முகத்தோடு அதையே சொல்வது? வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை இரசாயனம் படிப்பித்தவள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் வந்து "டீச்சர், தானா நிறம் மாறுது" என்றால், "தானாக ஒன்றும் மாறாது, போய்க் காரணத்தைத் தேடு" என்று திருப்பி அனுப்புகிற ஆள். வீட்டில் சாமி விளக்கு வைப்பேன், அது வேறு, அது நம்பிக்கையா பழக்கமா என்று எனக்கே தெரியாது. இந்தக் கதையை நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் வயது போன ஒரு மனுசியின் மனக்குழப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் வராது.

முதலில் ஒரு விஷயம் உங்களுக்கு விளங்கவேண்டும். எங்கள் ஆட்களில், என் வயதுப் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள். பெயருக்கும் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற நான்கூட, கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னவரை "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிட்டு வருகிறேன். இங்கே பாருங்கள் என்பதுதான் அதன் பொருள், அதில் பெயரும் இல்லை, உறவும் இல்லை, யார் காதில் விழுந்தாலும் திரும்பிப் பார்க்கலாம். வங்கியில் கணவரின் பெயர் என்ன என்று கேட்டால் அவருடைய அடையாள அட்டையை எடுத்து நீட்டுவேன். நான் குசினியிலிருந்து "இஞ்சாருங்கோ" என்பேன், அவர் முன்னறையிலிருந்து "ஓம், வாறன்" என்பார், சொல்லிவிட்டு வரமாட்டார். எங்கள் குடும்ப வாழ்க்கையில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

அவர் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் கட்டடங்களுக்குப் படம் வரைகிற வேலை பார்த்தவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைப் பார்ப்பார், பிறகுதான் வீட்டுக்காரரைப் பார்ப்பார். ஓய்வு பெற்றுச் சில காலத்தில் மறதி தொடங்கியது. முதலில் வீடு பூட்டுகிற திறப்பை மறந்தார், பிறகு கிழமையை, பிறகு எங்கள் வீடு இருக்கிற ஒழுங்கையையே மறந்து தெஹிவளைப் பக்கம் நடந்து போய்விட்டார். வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போகப் போக ஆட்களையும் மறப்பார், நீங்கள் மனதைத் தயார் பண்ணவேண்டும் என்றார். என்னை மறப்பதைக்கூட நான் ஒருமாதிரித் தாங்கிக்கொள்வேன். எனக்கு இருந்த பயம் வேறு. ஒருநாள் நான் இஞ்சாருங்கோ என்று கூப்பிடுவேன், அது தன்னைத்தான் என்று இந்த மனுசனுக்குத் தெரியாமல் போய்விடும். அதற்காகவே தேவையில்லாமலும் கூப்பிடுவேன், "ஓம்" வந்ததும் "ஒண்டுமில்லை" என்பேன், "ஒண்டுமில்லாததுக்கு ஏன் கூப்பிடுறீர்?" என்று சினப்பார், அந்தச் சினம் எனக்குப் பெரிய நிம்மதி.

எங்கள் மேல்மாடியில் நிர்மலா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், தனியார் கம்பனி ஒன்றில் வேலை, எந்த விசேஷமும் அவளுக்குத்தான் முதலில் தெரியவரும். கொட்டாஞ்சேனை மேட்டிலிருக்கும் ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயத்துக்கு மின்விளக்குகள் போட்டிருக்கிறார்களாம், பின்னேரங்களில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுகிறார்களாம் என்று வந்து சொன்னாள். போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். அதற்கு முன்னென்றால் பொழுதுபட்ட பிறகு கொட்டாஞ்சேனையில் நின்று விளக்குப் பார்ப்பதாவது, சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டியே விடிந்துவிடும். எனக்கு அலைச்சலாகத்தான் பட்டது. ஆனால் என்னவர் கலியாணத்துக்கு முன் அந்த மேட்டுக்குக் கீழே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவர். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனேன், ஒருநாளும் உள்ளே போகவில்லை என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். "கூட்டிக்கொண்டு வாங்கோ அன்ரி, பழைய இடம் எண்டால் அங்கிளுக்கு ஏதும் ஞாபகம் வரும்" என்றாள் நிர்மலா. அந்த ஒரு சொல்லுக்காக வெளிக்கிட்டேன்.

ஓட்டோவில் புறக்கோட்டை நெரிசலைத் தாண்டி நாங்கள் போய்ச் சேர, வானத்தில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. அந்தக் கட்டடத்தை நீங்கள் பகலில் பார்த்திருந்தால் கரிபிடித்த ஒரு பெரிய சுவர் என்று நினைத்துவிட்டுப் போயிருப்பீர்கள். அன்றைக்குக் கீழேயிருந்து மஞ்சள் வெளிச்சம் அடிக்க, ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. என்னவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "கூரையை மாத்திப்போட்டினம். முந்தி இப்பிடி இல்லை" என்றார். மாதக்கணக்கில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு முழு வசனம் வந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நிர்மலா பார்க்காமல் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

வாசற்படியில் அவர் செருப்பைக் கழற்றினார். இங்கே கழற்றத் தேவையில்லை என்று சொன்னால் கேட்கிற ஆளா, கோயில் என்றால் கோயில்தான். வழிகாட்டியாக வந்தவள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னாள். உள்ளே நிலம் முழுக்கக் கல்லறைக் கற்கள், கேடயமும் பூவும் ஒல்லாந்து எழுத்தும் செதுக்கியவை. "இதிலை கனக்க கல்லு வேற இடத்திலை இருந்து கொண்டு வந்து பதிச்சது. சிலதிலை எழுத்தே இல்லை, ஆட்கள் நடந்து நடந்து தேஞ்சு போச்சு. ஆற்றை கல்லு எண்டு எங்களுக்கும் தெரியாது" என்றாள். இங்கே தமிழில் ஆராதனை நடத்தும் சபையும் வெகுகாலமாக இருக்கிறது என்றும் சொன்னாள். என்னவர் வெறுங்காலோடு கற்களை மிதிக்காமல் இடைவெளி பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்.

பிறகு அவள், "இப்ப லைட் எல்லாத்தையும் கொஞ்ச நேரம் நிப்பாட்டுவம். அந்தக் காலத்து ஆட்கள் எந்த வெளிச்சத்திலை இதைப் பார்த்திருப்பினம் எண்டு நீங்களும் பாருங்கோ" என்று எல்லோருக்கும் ஒவ்வொரு மெழுகுதிரி தந்தாள். நல்ல யோசனைதான், எனக்கும் ஆவலாக இருந்தது. லைட் அணைந்தது. என் திரியைப் பக்கத்தில் நின்றவரின் திரியில் பிடித்துக் கொளுத்த, காற்றுக்கு அது அணைய, மற்றக் கையால் மறைத்து மறுபடி கொளுத்தினேன். அதற்காக என்னவரின் கையை விட்டது நான்தான். சுடர் நிமிர்ந்ததும் பக்கத்தில் பார்த்தேன், ஆள் இல்லை.

முதலில் பதறவில்லை. லைட்டைப் போடச் சொன்னேன், போட்டார்கள். ஆராதனைக்கு வருகிறவர்கள் இருக்கிற நீள வாங்குகளுக்கிடையில் பார்த்தோம், இல்லை. நிர்மலா வாசலுக்கு ஓடிப்போய் வந்து, "அங்கிளின்ரை செருப்பு அப்பிடியே கிடக்கு, வெளியிலை போகேல்லை" என்றாள். அது ஆறுதலா பயமா என்று தெரியவில்லை. காவலாளி "மஹத்தயா! மஹத்தயா!" என்று, ஐயாவைச் சிங்களத்தில், ஒரு பக்கத்தால் கூப்பிட்டுக்கொண்டு போனான். வழிகாட்டி அவருடைய பெயரைக் கேட்டாள். நம்பமாட்டீர்கள், அந்த நேரத்திலும் என் வாய் திறக்கவில்லை, கைப்பைக்குள் அட்டையைத் தேடினேன். நிர்மலாதான் சொன்னாள். "மிஸ்டர் கணேசலிங்கம்! மிஸ்டர் கணேசலிங்கம்!" என்று வழிகாட்டி கூப்பிட்ட சத்தம் கூரைவரை போனது. பதில் இல்லை. வெளியே போகாமல் உள்ளேயே எங்காவது விழுந்து கிடந்தால்? பின்பக்கத்தில் வேறு வாசல் இருந்து, அதால் இறங்கித் துறைமுகப் பக்கம் போய்விட்டால், யாருக்கு என்ன சொல்லத் தெரியும் அவருக்கு?

நடுவில் நின்று, "இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன்.

"ஓம்" என்று பதில் வந்தது.

இடது பக்கத்திலிருந்து வந்தது. மெதுவான, மரியாதையான ஆண்குரல். அப்பாடா என்று அந்தப் பக்கம் ஓடினேன். தூண் இருந்தது, சுவர் இருந்தது, ஆள் இல்லை. அங்கேயே நின்று திரும்பக் கூப்பிட்டேன். இந்த முறை இரண்டு "ஓம்" வந்தது. ஒன்று எனக்கு நன்றாகத் தெரிந்த, சினம் பிடித்த, கொஞ்சம் சளி கட்டிய "ஓம், வாறன்", அது வலது பக்கத்து மூலையிலிருந்து. மற்றது முதலில் கேட்ட அந்த மரியாதைக் குரல், அதுவும் இப்போது அதே மூலையிலிருந்துதான்.

எதிரொலி என்று நீங்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். எதிரொலி என்றால் நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும், என் குரலில்தான் சொல்லும். இஞ்சாருங்கோ என்றதற்கு ஓம் என்று பதில் சொல்கிற எதிரொலியைப் பற்றி நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. எனக்கு மட்டும் கேட்டிருந்தால் காதுக்குள் ஏதோ என்று விட்டிருப்பேன். வழிகாட்டிப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்ற முகத்தோடு என்னைப் பார்த்து, "ஆன்டி, உங்கடை ஆட்கள் ரெண்டு பேரா காணாமல் போனது?" என்று கேட்டாள். நிர்மலா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மூலையில், முதுகு உயர்ந்த பழைய மரவாங்கு ஒன்று சுவரைப் பார்த்தபடி இருந்தது, அதனால்தான் அதில் இருந்தவர் எங்கள் கண்ணில் படவில்லை. அவர் அதன் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தார். எந்த வாங்கிலும் நட்டநடுவில் கால் பரப்பி இருக்கிற மனுசன் அவர், அதற்காக நான் பஸ்ஸில் எத்தனையோ தரம் இடித்திருக்கிறேன். அன்றைக்கு இன்னொருவர் தாராளமாக இருக்கக்கூடிய இடத்தை விட்டு ஒடுங்கிக்கொண்டு இருந்தார். அவர் காலடியில் கிடந்த கல்லில் ஓர் எழுத்துக்கூட இல்லை, பளிங்கு மாதிரித் தேய்ந்து கிடந்தது.

"எங்கையப்பா போனனீங்கள்?" என்றேன்.

"ஒரு இடமும் போகேல்லை. இவரோடை கதைச்சுக்கொண்டிருந்தனான்."

"எவரோடை?"

அவர் பக்கத்தில் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீர் கூப்பிட அவரும் எழும்பிட்டார். தன்னைத்தானாம். நான் சொன்னன், இல்லை ஐசே, அது என்ரை மனுசி, எனக்கு அவவின்ரை குரல் தெரியாதோ எண்டு. பிறகு சரியெண்டு இருந்திட்டார். பாவம்."

"ஏன் பாவம்?"

"அவரை ஒருத்தரும் கூப்பிட்டுக் கனகாலமாம்."

நிர்மலா என் பின்னால் நின்று, "அவரின்ரை பேர் என்ன அங்கிள்?" என்று கேட்டாள். பயத்திலும் விடுப்பு அறிகிற ஆசை அவளை விடவில்லை. எனக்கும் அறிய ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"கேட்டனான்" என்றார் என்னவர். "அவருக்கும் தெரியாதாம்."

அந்த "அவருக்கும்" எனக்கு எங்கே குத்தியது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தன் பெயர் தனக்கு மறந்துவிட்டது என்பதை அவர் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. அந்தப் பெண் கூரைவரை கேட்கக் கூப்பிட்டும் பதில் வராததற்குக் காரணம் அதுதான். ஆனால் என் குரலை விட்டுக்கொடுக்காமல் இன்னொருவரோடு வழக்காடியிருக்கிறார். அந்தப் பயத்துக்கும் குழப்பத்துக்கும் நடுவில் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, உள்ளே பார்த்து ஒருதரம் தலையை ஆட்டினார், பஸ்ஸில் கூட வந்தவரிடம் விடைபெறுகிற மாதிரி.

இத்தோடு விட்டிருந்தால் நான் டீச்சர் இல்லை. அடுத்த கிழமை நிர்மலாவை இழுத்துக்கொண்டு பகலில் போனேன். அவள் அந்த மூலையில் நிற்க, நான் நடுவில் நின்று கூப்பிட்டேன். பிறகு இடம் மாறி நின்று கூப்பிட்டோம், கதவைத் திறந்து வைத்து, சாத்தி வைத்து, எல்லாவிதமாகவும். காவலாளி எங்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். என் குரல் போய் மோதித் திரும்பி வந்தது, அவ்வளவுதான். சுற்றுலாவுக்கு வந்தவர்களில் யாராவது பகிடிக்குச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்து வழிகாட்டியிடமும் விசாரித்தேன். அன்று வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஆண் உங்கள் அவர் ஒருவர்தான் என்றாள். வீட்டில், அவர் நித்திரையாக இருக்கும்போது சும்மா கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. சரி, கணக்குத் தீராத ஒரு பரிசோதனை என்று அலுமாரியில் வைத்துப் பூட்டுகிற மாதிரி மனதில் பூட்டி வைத்தேன்.

அவருக்கு மறதி வருத்தம் கூடிக்கொண்டே போனது. "ஓம், வாறன்" என்பது "ஓம்" ஆனது, பிறகு தொண்டைக்குள் ஒரு முனகல், பிறகு தலை மட்டும் திரும்பும். பேச்சு முழுதாக நின்றுவிட்டது. ஆனாலும் நான் கூப்பிட்டால் தலை என் பக்கம் திரும்பும். எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

போன மாரிக்கு முன் ஒரு பின்னேரம். பல்கனிக் கதவருகே இரண்டு பிரம்புக் கதிரைகள் போட்டிருக்கிறோம், சுவரோரக் கதிரையில் நான் இருப்பேன், இந்தப் பக்கத்துக் கதிரையில் அவர். கடற்கரை ரயில் போய் ஓய்ந்த நேரம். குசினியில் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே, "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி" என்றேன். சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தேன், தலை திரும்புகிறதா என்று பார்க்கத்தான்.

தலை திரும்பியது. ஆனால் என் பக்கம் இல்லை. பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த என் கதிரையைப் பார்த்து, அந்தக் காலத்தில் வேலை பார்த்த கந்தோரில் கதைக்கிற மாதிரி, தெளிவாக, மரியாதையாகச் சொன்னார்: "உங்களைத்தான் கூப்பிடுறா போலை. போங்கோ."

சொல்லிவிட்டு, நீட்டியிருந்த தன் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார், முன்னால் ஒருவர் கடந்து போக இடம் விடுவோமே, அப்படி. பிறகு அவர் பார்வை அங்கிருந்து புறப்பட்டு, மேசையைச் சுற்றி, சாய்மனைக் கதிரையைத் தாண்டி, மெல்ல மெல்ல வந்து, எனக்குப் பக்கத்தில் நின்றது.

நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. காரணத்தைத் தேடு என்று எத்தனை பிள்ளைகளை விரட்டியிருப்பேன், என்னால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆனால் எனக்குப் பயத்தைவிட அழுகைதான் வந்தது. அது என்ரை மனுசி என்று சண்டை பிடித்த ஆள், இப்போது வெகு பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டார். ஓடிப்போய் அவர் முன்னால் நிலத்தில் இருந்துகொண்டு, "இல்லையப்பா, உங்களைத்தான் கூப்பிட்டனான், உங்களைத்தான்" என்றேன். முன்பின் தெரியாத ஒரு பெண் ஏன் தன் காலடியில் இருந்து அழுகிறாள் என்று விளங்காமல், ஆனாலும் மனம் நோகக்கூடாதே என்று சிரித்தார்.

கோப்பையை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, எனக்குப் பின்னால் பார்த்து, "அவருக்கு?" என்றார். அதுதான் அவர் கடைசியாகக் கதைத்தது.

அவர் இன்னும் இருக்கிறார், அந்த அறையில்தான், இப்போது தலையும் திரும்புவதில்லை. நான் இன்னும் இஞ்சாருங்கோ என்றுதான் கூப்பிடுகிறேன். பின்னேரத்தில் அவருக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாகத் தேத்தண்ணி ஊற்றிவிட்டு, கேத்தலைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் நிற்கிறேன், இன்னொரு கோப்பையை எடுப்பதா விடுவதா என்று.